ஆடி மொய் விருந்து: சேர், டேபிள் நாட்குறிப்பு

ஜூலை 9, 2025, புதன்

விருந்துத் தேதி முடிவாகிவிட்டது. ஆகஸ்ட் 6, ஆடி 21. எட்டுப் பேர் சேர்ந்து வைக்கிறார்கள், அதில் என் அண்ணனும் ஒருவர். கறி ஒருத்தர் பொறுப்பு, பத்திரிகை ஒருத்தர் பொறுப்பு, பந்தல் ஒருத்தர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் "சேர், டேபிளை தம்பி பாத்துக்கட்டும்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். மறுத்துப் பேச முடியுமா.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து என்பது கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல் மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற விருந்து. நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை ஒருவருக்கு முறை வரும். தனியாக வைத்தால் செலவு கட்டாது என்பதால் பத்து, இருபது பேர்கூடச் சேர்ந்து வைப்பார்கள். சாப்பாடு பொது, மொய் அவரவருக்கு. மற்ற ஊர்களில் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் பந்தல்காரர்களுக்கு வேலை குறைவு. எங்கள் ஊர்களில் மட்டும் ஆடியில்தான் ஒரு சேர்கூடக் கிடைக்காது.

ஜூலை 10, வியாழன்

வாடகைக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் நோட்டைப் புரட்டி, "ஆறாம் தேதியா? அன்னைக்கு ஏற்கெனவே ரெண்டு எடத்துக்கு எழுதியிருக்கே" என்றார். 600 சேர் வரை தரலாம், டேபிள் 75தான் தேறும், மீதியை வேறு கடையில் எடுத்துத் தருகிறேன் என்றார். வேறு கடையில் எடுத்தால் உயரம் ஒத்துப்போகுமா என்று கேட்டேன். ஒரு டேபிள் ஓரங்குலம் தாழ்ந்து அடுத்தது உயர்ந்திருந்தால் பேப்பர் விரிப்பு நேராக நிற்காது, ரசம் ஊற்றினால் ஓடுகிற திசையே மாறிவிடும். "அதெல்லாம் பாத்துத் தர்றேன் தம்பி" என்றார். அட்வான்ஸ் கொடுத்து, எண்ணிக்கையைப் பிறகு சொல்கிறேன் என்று தேதியை மட்டும் எழுதி வைத்துவிட்டு வந்தேன். ஆடியில் தேதியைப் பிடிப்பதுதான் முக்கியம், எண்ணிக்கை எப்போது வேண்டுமானாலும் கூடும் குறையும்.

ஜூலை 13, ஞாயிறு

எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசினோம். ஆளாளுக்கு ஒரு தொகை. எங்கள் வீட்டு அழைப்பு 500, இன்னொருவர் வீட்டில் 700 என்று கூட்டிப் பார்த்தால் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது. ஆனால் ஒரே ஊர், ஒரே உறவு. என் மாமா ஒருவருக்கே எட்டில் ஐந்து பேரிடமிருந்து பத்திரிகை வரும். அவர் ஐந்து இடத்தில் மொய் எழுதுவார், சாப்பிடுவது ஓர் இலைதான். பெயர்களை ஒத்துப் பார்த்ததில் 3000 என்று வைத்துக்கொண்டோம்.

உடனே ஒருவர், "அப்ப ஆயிரம் சேர் போடு" என்றார். எதற்கு? விருந்தாளியை எண்ணி சேர் எடுக்கிறவன் நஷ்டப்படுவான். பந்தியை எண்ணி எடுக்க வேண்டும். இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, துடைத்து மறுபடி இலை போட ஒரு பந்திக்கு 25 நிமிடம். கறி விருந்தில் பாயசம், அப்பளம் என்று இழுக்காததால் இதற்குள் முடியும். 11 மணிக்குத் தொடங்கி 4 மணிக்கு முடித்தால் 12 பந்தி. 3000-ஐ 12-ஆல் வகுத்தால் 250. சேதாரம் சேர்த்து 270 இடம் இருந்தால் போதும்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை. சேர் குறைவாகத் தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார். நான் விட்டுவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

விருந்து நடக்கப்போகிற தென்னந்தோப்பை அளந்தோம். மரத்துக்கு மரம் 25 அடி. பந்திக்கு இது வசதியான அளவு, நான் இதை எதிர்பார்க்கவில்லை. டேபிள் ஒன்றரை அடி அகலம், சேருக்கு இரண்டரை அடி, வாளி தூக்குகிறவர் நடக்க மூன்று அடி. ஆக ஒரு வரிசைக்கு ஏழு அடி. இரண்டு மர வரிசைக்கு நடுவே மூன்று வரிசை உட்காரும், மீதி நான்கு அடி மரத்துக்கு. நீளத்தில் 100 அடி எடுத்து, நடுவில் பத்தடி குறுக்கு வழி விட்டால் 90 அடி. டேபிள் ஆறடி, ஒரு டேபிளுக்கு மூன்று இலை. அப்படியானால் வரிசைக்கு 15 டேபிள், 45 பேர். மரங்களுக்கு நடுவே இப்படி இரண்டு சந்து, இரண்டுக்கும் சேர்த்து ஆறு வரிசை, 270 பேர். ஞாயிற்றுக்கிழமை போட்ட எண்ணும் இதுவும் ஒன்றாக வந்ததில் எனக்கு ஒரு சின்ன கர்வம்.

நடுவில் அந்தப் பத்தடி எதற்கு, அங்கேயும் டேபிள் போட்டால் 18 பேர் கூடுதலாக உட்காரலாமே என்றார் சித்தப்பா. குறுக்கு வழி இல்லையென்றால் குழம்பு வாளிக்காரர் 100 அடி நடந்து முனையைச் சுற்றித்தான் அடுத்த வரிசைக்கு வர வேண்டும். அவர் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் கடைசி ஆள் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

இன்னொன்று, டேபிளுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் ஆள். எதிரும் புதிருமாக உட்கார வைத்தால் டேபிள் பாதி மிச்சமாகும், ஆனால் பரிமாறுகிறவர் ஆளின் தோளுக்கு மேலே கரண்டியை நீட்ட வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டு வருகிற கூட்டத்தில் இந்த மிச்சம் வேண்டாம்.

தோப்பின் கிழக்கு மூலை வெட்டவெளி. 2018 கஜா புயலில் அங்கே நின்ற மரமெல்லாம் சாய்ந்தது, திரும்பக் கன்று வைக்கவில்லை. மொய் டேபிள்களுக்கு அந்த இடம்.

தேங்காய் வெட்டச் சொல்லியாயிற்று. நெற்றுக் காயும் காய்ந்த மட்டையும் ஒன்றுகூட மேலே இருக்கக் கூடாது. பந்தலில் மேலே இருப்பது வெறும் துணிதான்.

ஜூலை 20, ஞாயிறு

இன்றைய கூட்டம் மொய் டேபிள் பற்றி. இரண்டு மணி நேரம். 270 இலையைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, எட்டு டேபிளுக்கு இவ்வளவு பேச்சு.

யார் டேபிள் முதலில்? வயது வரிசையா, பத்திரிகையில் பெயர் இருக்கிற வரிசையா? சாப்பிட்டு வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற டேபிளுக்குக் கூடுதலாக விழும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் அண்ணன் ஒருவருக்கு இரண்டாயிரம் செய்திருந்தால் அது அவர் வீட்டு நோட்டில் இருக்கிறது. டேபிளை முள்வேலிக்குப் பின்னால் போட்டாலும் அவர் தேடிக்கொண்டு வருவார். இதைச் சொன்னேன். "அப்ப உங்க அண்ணன் டேபிளை முள்வேலிக்குப் பின்னாலயே போடு" என்றார்கள்.

கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். அண்ணனுக்கு ஐந்தாவது. நேர் வரிசையாகப் போடாமல் ப வடிவில் போடலாம் என்று நான் சொன்னதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். நேராகப் போட்டால் முதல் டேபிளில் நிற்கிற கூட்டம் மற்ற ஏழு டேபிளையும் மறைக்கும். ப வடிவில் நடுவே நின்றால் எட்டு பெயர்ப் பலகையும் ஒரே பார்வையில் தெரியும்.

டேபிளுக்கு மூன்று சேர். எழுதுகிறவர், பணம் வாங்கி எண்ணுகிறவர், பழைய நோட்டைப் பார்த்துச் சொல்கிறவர். இரண்டு பேர் லேப்டாப் வைத்து உடனே ரசீது கொடுக்கப் போகிறார்களாம். அவர்களுக்கு ஜெனரேட்டர் லைன் வேண்டும், வயரை மண்ணில் புதைக்க வேண்டும். எழுதுகிறவர் சேர் மட்டும் கை வைத்ததாக இருக்கட்டும் என்று குறித்துக்கொண்டேன். அவர் எழுந்திருக்க நான்கு மணி ஆகும்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

வேலை எதுவும் இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

காத்திருக்கிறவர்களுக்கு எத்தனை சேர் என்று இன்றுதான் உட்கார்ந்து யோசித்தேன். இதுதான் இந்தக் கணக்கிலேயே கஷ்டமான பகுதி. 3000 பேரும் 12 பந்திக்குச் சமமாகப் பிரிந்து வரமாட்டார்கள். பாதிப் பேர் பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவில் வருவார்கள். 1500 பேர் வருகிற அந்த ஒன்றரை மணி நேரத்தில் மூன்றரைப் பந்திதான் நடக்கும், 970 பேர் சாப்பிட்டிருப்பார்கள். 500 பேருக்கு மேல் வெளியே நிற்பார்கள்.

நிற்கிறவர்கள் சும்மா நிற்பதில்லை. சாப்பிடுகிறவரின் சேருக்குப் பின்னால் போய் நின்று, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். அங்கே நடைபாதை போச்சு, பந்தி பத்து நிமிடம் தாமதம். தாமதமானால் கூட்டம் இன்னும் கூடும். அதனால் சாப்பாட்டு சேரைக் கூட்டாமல் காத்திருக்கும் சேரை 300 ஆக்கினேன். பந்தல் முகப்பில், மின்விசிறியோடு, மோர்ப் பானைக்குப் பக்கத்தில். உட்கார்ந்து மோர் குடிக்கிறவனுக்கு அவசரம் பாதி குறையும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இறுதிப் பட்டியல் கொடுத்துவிட்டேன். டேபிள் 110: பந்திக்கு 90, மொய்க்கு 8, பரிமாறும் பாத்திரம் வைக்க 6, மீதி வாசல், வெற்றிலை, அவசரத்துக்கு. சேர் 620. பந்திக்குக் கையில்லாத சேர் மட்டும் என்று அழுத்திச் சொன்னேன். கை வைத்த சேர் ஒரு டேபிளுக்கு மூன்று நுழையாது. முகப்பில் பெரியவர்களுக்கு 50 கை வைத்தது.

தண்ணீர் கேனுக்கு டேபிள் கேட்டார் சமையல் மாஸ்டர். மடக்கு டேபிளில் ஆறு கேன் ஏற்றினால் 120 கிலோ, நடுவில் தொய்ந்து ஒரு பக்கக் கால் கொக்கி கழன்றுகொள்ளும். ஹாலோ பிளாக் அடுக்கி மேலே பலகை போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஏற்றுகூலி இறக்குகூலி வாடகையில் சேருமா, தனியா என்று எழுதி வாங்கிக்கொண்டேன். தனியாம். இதை வாயால் கேட்டுவிட்டு விடுகிறவர்களுக்குத் திருப்பி ஏற்றும் அன்று ராத்திரிதான் விலை தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பேப்பர் ரோல் எந்த மூலைக்கு? ஒத்திகையாக நான்கு டேபிளில் விரித்துப் பார்த்தோம். ஒரு நிமிடம் நிற்கவில்லை.

ரோல் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம் என்றார் பரிமாறும் குழுத் தலைவர். நான் சம்மதிக்கவில்லை. ரோல் விரிப்பதே சீக்கிரம் சுருட்டத்தான். ஒரு முனையில் இருவர் பிடித்து இலை, எலும்பு, சிந்திய குழம்பு எல்லாவற்றையும் பேப்பரோடு சுருட்டிக்கொண்டு போனால் 45 இலை இரண்டு நிமிடத்தில் காலி. துணியால் துடைத்தால் ஐந்து நிமிடம், அப்புறம் ஈரம். 12 பந்தியில் இது பெரிய வித்தியாசம். முனையை டேபிளுக்கு அடியில் மடித்துச் செலோ டேப் ஒட்டிப் பார்த்தோம், நின்றது. மேற்குப் பக்கம் தடுப்புத் துணி கட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குட்டியானையில் சாமான் வந்து இறங்கியது. இறங்க இறங்க எண்ணினேன். சேர் 620-க்கு 611. மீதி காலையில் வருமாம். உடைந்தது, காலில் விரிசல் விட்டது என்று ஏழு சேரை அப்போதே தனியே எடுத்து, டிரைவரையும் பார்க்க வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டேன்.

வேறு கடை டேபிள்கள் நான் பயந்தபடியே அரை அங்குலம் உயரம். ஆறாவது வரிசை முழுக்க அதையே போட்டுவிட்டோம், கலக்கவில்லை.

தோப்பு மண் இளக்கம். டேபிள் கால் இறங்காமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் ஓட்டுச் சில்லு வைத்தோம். சேருக்கு அப்படி வைக்க முடியாது. கனமான ஆள் சாய்ந்தால் பின்கால் இரண்டும் புதைந்து பரப்பிக்கொள்ளும். சேர் வரிசை வருகிற இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினோம். பசங்க ராத்திரி 11 மணி வரை இருந்தார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

விருந்து. 10.50-க்கு முதல் பந்தி.

எழுத நேரமில்லை, இரண்டு விஷயம் மட்டும். குறுக்கு வழி வாசலில் கயிறு பிடித்து இரண்டு பேரை நிறுத்தியிருந்தோம், பந்தி எழுந்த பிறகுதான் அடுத்த கூட்டத்தை விட வேண்டும். ஒரு மணிக்குக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்த முதல் ஆள், பந்திக்கு 25 நிமிடம் என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த என் சித்தப்பாதான். அவருக்குப் பின்னால் முப்பது பேர். ஆனாலும் முகப்பு சேர்கள் காப்பாற்றின. ஒன்றரை மணிக்கு அங்கே ஒரு சேர் காலியில்லை, பந்திக்குள்ளே சேருக்குப் பின்னால் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

இரண்டாவது, ஆறாவது வரிசை. அரை அங்குல உயரம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் நாள் முழுக்க உறுத்தியது.

கடைசிப் பந்தி 4.15. மொய் டேபிளில் கூட்டம் ஏழு மணி வரை. அண்ணனுக்கு எவ்வளவு வந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

திருப்பி எண்ணும் வேலை. சேரின் முதுகில் கடைக்காரர் பெயிண்டில் எழுதியிருக்கும் எழுத்தைப் பார்த்து எண்ண வேண்டும், நிறத்தைப் பார்த்து எண்ணக் கூடாது. எங்கள் அடுக்கில் பந்தல்காரரின் சேர் நான்கு கலந்திருந்தது. எங்களுடையது ஆறு குறைந்தது. இரண்டு சமையல் கொட்டகையில், மாஸ்டர் ராத்திரி கால் நீட்டிப் படுத்த இடத்தில். ஒன்று ஜெனரேட்டருக்கு முட்டுக்கொடுத்திருந்தது. மூன்று கிடைக்கவில்லை. உடைந்தது ஐந்து.

அந்த ஏழு விரிசல் சேரையும் உடைசல் கணக்கில் சேர்க்கப் பார்த்தான் வண்டியோடு வந்த கடைப் பையன். போட்டோவைக் காட்டினேன், பேசாமல் கணக்கிலிருந்து அடித்துவிட்டான். கடைக்கார அண்ணன் காணாமல் போன மூன்றுக்கு மட்டும் முழு விலை போட்டார், உடைந்ததற்குப் பாதி. மொத்தத்தை எட்டால் வகுத்தோம். மூன்று சேரும் யார் வீட்டுத் திண்ணைக்குப் போயிருக்கும் என்று எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சந்தேகம்.

வண்டி கடைக்குத் திரும்பவில்லை. வடகாட்டில் நாளை மறுநாள் பத்துப் பேர் சேர்ந்து வைக்கிற விருந்தாம், சாமான் நேரே அங்கே போகிறது. ஆறாவது வரிசை டேபிள்களைத் தனியே ஏற்றச் சொன்னேன். டிரைவர் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் அடுக்கினார்.