தராசும் அளவுநாடாவும் கொண்டு கொழும்புக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட இரவுப் பேருந்து விடியற்காலை ஐந்து மணியளவில் வெள்ளவத்தையில் எங்களை இறக்கிவிட்டபோது, என் கைப்பையில் மாற்றுடைகளுக்கு நடுவே இரண்டு பொருட்கள் பத்திரமாக இருந்தன. ஒன்று, மனைவி வீட்டில் மா நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசு. மற்றது, தையற்கடையில் வாங்கிய அளவுநாடா. விளையாட்டுப் பொருட்களுக்கான வர்த்தகக் கண்காட்சி ஒன்றைப் பார்க்கவே இந்தப் பயணம். பாடசாலை விடுமுறைக் காலமாக இருந்தபடியால் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். தங்கையின் வீடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருப்பதால் தங்குவதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

தராசு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, மொத்த வியாபாரி ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய படத்தை நம்பி என் விளையாட்டுப் பொருள் கடைக்கு வலைப்பந்துகள் இரண்டு டசின் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் 'அளவு 5' என்று அச்சிட்டிருந்தது. மூன்றாவது வாரம் ஒரு கிராமப் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியை பந்தொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அது ஒரு பக்கம் புடைத்து, பூசணிக்காய் போல உருமாறியிருந்தது. கடையில் விற்காமல் இருந்தவற்றை நிறுத்துப் பார்த்தேன்; ஒன்று 371 கிராம், இன்னொன்று 368. வலைப்பந்தின் எடை 400 முதல் 450 கிராம் வரையும், சுற்றளவு 69 முதல் 71 சென்டிமீற்றர் வரையும் இருக்க வேண்டும் என்பது விதி. விற்ற பந்துகள் அனைத்துக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் கோட்ட மட்டப் போட்டிக்கு அந்தப் பந்தில்தான் பயிற்சி எடுத்தார்கள் என்பதை அறிந்தபோது பட்ட வேதனை பணத்தோடு தீரவில்லை. எடை குறைந்த பந்தில் பழகிய கை, போட்டியன்று சரியான பந்தைப் பிடிக்கும்போது ஒவ்வொரு எறியிலும் தவறும். 3.05 மீற்றர் உயரத்திலிருக்கும் வளையத்துக்குள் பந்தைப் போடுவதற்குக் கைக்கு ஞாபகம் வேண்டும், அந்த ஞாபகம் எடையில்தான் இருக்கிறது.

கண்காட்சி பௌத்தாலோக மாவத்தையில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டப வளாகத்தில் நடந்தது. சீன அரசின் அன்பளிப்பாக 1973இல் திறக்கப்பட்ட அந்த எண்கோண மண்டபத்தைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார்கள். உள்ளே உடற்பயிற்சி இயந்திரங்களும் செயற்கைப் புல்தரையும் முன்வரிசையை அடைத்துக்கொண்டிருந்தன. அவை எனக்குரியவை அல்ல என்பதால் நேரே பந்துகள் இருந்த பக்கத்துக்குப் போனோம்.

அங்கே ஒரு விற்பனைக் கூடத்தில் நின்ற இளைஞர் ஹட்டன் பக்கத்தைச் சேர்ந்தவர். நான் தராசை எடுத்து மேசையில் வைத்ததைக் கண்டு அவர் முகம் சுளிக்கவில்லை. "நிறுத்துப் பாருங்க அண்ணா, எனக்கும் தெரிஞ்சுக்கணும்" என்று தானே பந்துகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். ஐந்து பந்துகளை நிறுத்தேன்; எல்லாம் 415க்கும் 428க்கும் இடையில் நின்றன. உதைபந்தின் எடையும் சுற்றளவும் ஏறத்தாழ வலைப்பந்துக்கு ஒத்தவை என்பதால், வசதியில்லாத பாடசாலைகளில் உதைபந்தையே வலைப்பந்தாகப் பாவிப்பதுண்டு. ஆனால் உதைபந்தின் மேற்பரப்பு வழுவழுப்பானது. கையில் பந்து வந்த மூன்று வினாடிக்குள் அதைக் கைமாற்ற வேண்டிய விளையாட்டில், வியர்த்த விரல்களுக்குச் சொரசொரப்பான பிடி இல்லாவிட்டால் பந்து நழுவிவிடும். என் மகள் பாடசாலை அணியில் கோல் போடுபவள். இரண்டு வகைப் பந்துகளை மாறிமாறிப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்தாள். "இது கைக்குள்ள நிக்குது அப்பா. மற்றது வழுக்குது" என்றாள். நான் அந்தப் பந்தின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டேன்.

அவளுடைய அறைச் சுவரில் தர்ஜினி சிவலிங்கத்தின் படம் ஒட்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்தின் ஈவினையில் பிறந்து, இலங்கை வலைப்பந்து அணிக்காக ஆடி, 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்து, 2019 உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல்களைப் போட்டவர். வடக்கிலிருந்து ஒரு பெண் அவ்வளவு தூரம் போக முடியுமென்றால், அடுத்து வரும் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பந்தையாவது கொடுப்பது கடைக்காரனுடைய கடமை என்று நினைக்கிறேன்.

கடினப்பந்துகளிலும் இதே கதைதான். வளர்ந்த ஆண்களுக்கான கிரிக்கெட் பந்து 155.9 முதல் 163 கிராம் வரை இருக்கும். 13 வயதுக்குட்பட்டவர்களுக்கான பந்து 133 முதல் 144 கிராம் வரைதான். நம் ஊரில் எட்டாம் வகுப்புப் பையனும் பெரியவர்களின் பந்தைத்தான் எறிகிறான், ஏனென்றால் சிறுவர் பந்தைக் கடைக்காரர்கள் எடுப்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக நானும் எடுத்ததில்லை. இம்முறை மூன்று டசினுக்குச் சொல்லிவிட்டேன்.

மகன் எங்களை விட்டு விலகி வேறொரு கூடத்தின் முன் நின்றுகொண்டிருந்தான். அங்கே பாகிஸ்தானின் சியால்கோட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், முக்காலியில் அமர்ந்து உதைபந்து தைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் மரத்தாலான இடுக்கி. அதில் ஐங்கோணத் துண்டும் அறுகோணத் துண்டும் விளிம்பு சேர்த்துக் கவ்வப்பட்டிருந்தன. மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி. ஒரு துளையில் இரண்டு ஊசிகளும் எதிரெதிராக நுழைந்து வெளியேற, இரு கைகளையும் அகல விரித்து அவர் நூலை இழுக்கும்போது 'சிர்' என்று ஓர் ஒலி. அவருடைய ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் நூல் பதிந்து பதிந்து ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. 12 ஐங்கோணம், 20 அறுகோணம், ஆக 32 துண்டுகள். பந்தை உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, கடைசியில் புரட்டி, காற்றுப்பையை உள்ளே வைத்து, மிச்சமிருக்கும் வாயைத் தைத்து, முடிச்சை உள்ளே மறைக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்று மகன் விரல்களால் கேட்டான். அவர் மூன்று விரல் காட்டி, பிறகு நான்காவதைப் பாதி மடக்கிக் காட்டினார். கடையில் அந்தப் பந்தை ஒரு கையால் தூக்கி எறிந்து விலை சொல்லும் எனக்கு, அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

விலைப்பேச்சு நீண்டது. 2022 நெருக்கடியில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த மதிப்பு 360ஐத் தாண்டியது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதிசேர் வரியும் 18 சதவீதம். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல பந்தைக் கிராமப் பாடசாலைக்கு எட்டாததாக்கிவிட்டன. வலைப்பந்து காட்டிய இளைஞர், ஐந்து டசின் எடுத்தால் விலையைக் குறைப்பதாகச் சொன்னார். என் கடைக்கு அது பெரிய தொகை. மனைவியின் முகத்தைப் பார்த்தேன். "எடுங்கோ" என்றார், அவ்வளவுதான்.

மாலையில் காலி முகத்திடலுக்குப் போனோம். பட்டங்களும் இறால் வடையும் கடற்காற்றும் பிள்ளைகளுக்குப் போதுமானவையாக இருந்தன. தாமரைக் கோபுரத்தை ஓட்டோவிலிருந்தே பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை நான் பிடிவாதமாகக் கேட்ட இடத்துக்குப் போனோம்: பொரளைக்கு அருகிலுள்ள பி. சரவணமுத்து மைதானம். பழையவர்கள் இன்றைக்கும் அதை ஓவல் என்றே சொல்வார்கள். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம் அது. நாட்டின் முதல் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபைத் தலைவரான பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக இங்கேதான் ஆடியது. 1985இல் முதல் வெற்றியையும் இந்தியாவுக்கு எதிராக இங்கேதான் பெற்றது. வாயிற்காவலரிடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னதும், பத்து நிமிடம் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கவிட்டார்.

1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய கிரிக்கெட் அணி இடையில் இறங்கி ஒரு நாள் ஆட்டம் ஆடியதும் இந்த மைதானத்தில்தான். எதிரணியான இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம், அதற்கு முந்தைய ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்து ஆடுகளத்தை அளந்தபோது, 22 யார் (கெஜம்) இருக்க வேண்டிய நீளம் 20 யார்தான் இருந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் மகன் என் கைப்பையைத் திறந்து அளவுநாடாவை எடுத்து நீட்டினான். ஆடுகளத்துக்குள் போகக்கூடாது என்று விளக்கினேன். அவன் வேலி ஓரமாக 22 யாரை நாடாவால் பகுதி பகுதியாக அளந்து முடித்து, இரு முனைகளிலும் தன் செருப்பையும் அக்காவின் செருப்பையும் வைத்தான். பிறகு இரண்டு யார் குறைத்து ஒரு செருப்பை நகர்த்தினான். இரண்டு அடையாளங்களுக்கும் இடையிலிருந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றான்.

அன்று இரவு வெள்ளவத்தையில் பேருந்து ஏறினோம். மாதிரிப் பந்தொன்றை இளைஞர் விலையில்லாமல் தந்திருந்தார். வவுனியா தாண்டும்வரை அது மகளின் மடியில் இருந்தது. ஐந்து டசினும் அடுத்த மாத முதல் வாரத்தில் லொறியில் வருகின்றன. முதல் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக நிறுத்த பிறகு, ஆறு பந்துகளை அந்த ஆசிரியையின் பாடசாலைக்கு நானே கொண்டுபோகப் போகிறேன்.