இடுப்புக்குள் இருந்த கோபம்

நான் கணக்கு டீச்சர். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி. உட்கார்ந்தால் வால் எலும்புக்குக் கீழே எரிச்சல், சிறுநீர் போய்விட்டு வந்தாலும் பாதி மிச்சம் இருப்பது போன்ற உணர்வு. ஸ்கேன், யூரின் கல்ச்சர் எல்லாமே நார்மல். "டென்ஷன்தாம்மா, கெகல் பயிற்சி பண்ணுங்க" என்றார் ஒரு டாக்டர்.

ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதிய பயிற்சி அது. பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோன இடுப்புத் தளத் தசைகளை இறுக்கி இறுக்கி விடுவது. எனக்கோ அவை ஏற்கெனவே இறுகிக் கிடந்தன. இறுக்கப் பயிற்சி செய்யச் செய்ய வலிதான் கூடியது. இறுக்கம்தான் காரணம் என்று கண்டுபிடித்தவர் திருச்சியில் ஒரு பிசியோதெரபிஸ்ட். இடுப்பின் முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை தூளி மாதிரித் தொங்கும் இந்தத் தசைகள் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குகின்றன. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்க, இவையும் கொஞ்சம் இறங்க வேண்டும். எனக்கு அசையவே இல்லை.

அவர் அனுப்பித்தான் உடல்வழி உளசிகிச்சை செய்யும் ஓர் ஆலோசகரிடம் போனேன். பாயில் படுத்து, முழங்காலை மடக்கி, அடியில் தலையணை. "இப்போ அங்க என்ன தெரியுது மேடம்?" ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாயிலிருந்து தானாக வந்தது: "யாரோ கதவைத் தள்ளப் போறாங்க."

எங்கள் பள்ளியில் பெண் ஆசிரியர்களுக்கு ஒரே கழிப்பறை. தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சாயங்காலம்வரை அடக்குவோம். வருஷக்கணக்கில். அதற்கும் முன்னால் அத்தை வேறு: "பொட்டப்புள்ள, அடக்கிக்கத் தெரியணும்."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். கத்தச் சொல்லவில்லை அவர், தலையணையைக் குத்தவும் சொல்லவில்லை. "கோபம் இருக்கட்டும். மூச்சு எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க" என்றார். அடிவயிற்றில் நின்றது. கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்கி, கீழே ஏதோ விட்டுக்கொடுத்தது.

இடுப்பை விரித்தால் பழைய மன அதிர்ச்சியெல்லாம் வெளியேறிவிடும் என்று சொல்லும் ரீல்ஸ்களை நான் நம்புவதில்லை. உணர்ச்சிகளைப் பூட்டிவைக்கத் தசைக்குள் பெட்டி எதுவும் இல்லை. அடக்கிய உணர்ச்சி தசை இறுக்கமாக நிற்பதை வில்ஹெல்ம் ரைக் என்ற உளப்பகுப்பாய்வாளர் 'தசைக் கவசம்' என்று சொன்னதுவரை சரி, பிறகு 'ஆர்கோன்' என்று ஒரு பிரபஞ்ச உயிர்ச்சக்தி இருப்பதாக அவர் போன பக்கம் நான் போக மாட்டேன். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்டது எனக்குப் போதும். பெண்களுக்குப் படக்காட்சிகளைக் காட்டி அளந்தார்கள். மிரட்டும் காட்சி வந்தால் இடுப்புத் தளம் இறுகியது, பாலியல் சம்பந்தமே இல்லாத மிரட்டலுக்கும்கூட. தோள் தசையும் சேர்ந்து இறுகியது. பயந்தால் உடம்பு காவலுக்கு நிற்கிறது, அவ்வளவுதான். தினமும் பயந்தால் காவல் இறங்குவதே இல்லை.

தாழ்ப்பாளை நானே ஆள் வைத்து மாட்டினேன். "இதெல்லாம் நீங்க ஏன் டீச்சர்?" என்றார் ஹெச்.எம். "நீங்க ஏன் மாட்டல சார்?" என்று கேட்டேன். ஸ்டாஃப் ரூமில் சத்தமே இல்லை.

வலி பெரும்பாலும் குறைந்துவிட்டது. விடைத்தாள் திருத்தும் வாரங்களில் மட்டும் திரும்ப வருகிறது.