பாதியில் நின்ற பத்தாம் வகுப்பு: எங்கே பிடித்துத் தொடர்வது?

அப்பா படுத்த படுக்கையானார், பனியன் கம்பெனி வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. சின்ன வயதிலேயே கல்யாணம் முடிந்தது. கணக்கில் பெயிலான வெட்கத்தில் பள்ளிக்கூடத் தெருவையே தவிர்த்தாயிற்று. பத்தாம் வகுப்பு நின்றுபோக இப்படி எத்தனையோ காரணங்கள். பத்து, பதினைந்து வருடம் கழித்து மறுபடி எழுதலாம் என்ற எண்ணம் வந்ததும் பலர் நேராகப் போய் கைடு வாங்குகிறார்கள். அதற்கு அவசரமில்லை. எந்த வகுப்போடு நின்றீர்கள் என்று சொல்லும் காகிதம்தான் முதலில் கைக்கு வர வேண்டும்.

அந்தக் காகிதம் கடைசியாகப் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இன்னும் இருக்கும். சேர்ந்த வருடம், அப்பா பெயர் இரண்டையும் சொன்னால் அலுவலகத்தில் தேடி எடுத்துவிடலாம். கட்டணப் பாக்கி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். பாக்கியைக் காரணம் காட்டி டி.சி.யை நிறுத்திவைக்கக் கூடாது, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. வாங்கிய டி.சி. தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பதிவுசெய்து, அதன் நகலோடு பள்ளியில் கேளுங்கள்.

கைக்கு வந்ததும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்யாணமான பெண்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். டி.சி.யில் அப்பா இனிஷியல் இருக்கும், ஆதாரில் கணவர் இனிஷியல் ஏறியிருக்கும். மதிப்பெண் சான்றிதழ் பள்ளிப் பதிவை ஒட்டித்தான் வரும் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் அலைச்சல் அதிகம்.

இனி வழி. ஏற்கெனவே பத்தாம் வகுப்பு எழுதி ஒன்றிரண்டில் தவறியவர் அந்தப் பாடங்களை மட்டும் எழுதினால் போதும். முழுப் பரீட்சையும் திரும்ப எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருடங்களைக் கடத்துபவர்கள் உண்டு. தேறிய பாடம் தேறியதுதான். பத்தாம் வகுப்பே எழுதாதவர் நேரடித் தனித்தேர்வர், அதாவது பள்ளியில் சேராமல் தானே பதிவுசெய்து எழுதுபவர். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் பதினான்கரை வயதும் வேண்டும். எட்டும் முடிக்காதவருக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககமே தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எழுதலாம்.

நேரடித் தனித்தேர்வர்கள் அதிகம் பேர் தடுக்கி விழுவது அறிவியல் செய்முறையில். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. தேற எழுத்தில் 20, செய்முறையில் 15 வேண்டும். ஆனால் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் கொடுத்து, ஒதுக்கிய பள்ளியில் 80 சதவீத வருகை காட்ட வேண்டும். இதற்கான அறிவிப்பு, தேர்வு விண்ணப்ப அறிவிப்புக்குப் பல மாதம் முன்னாலேயே வந்து போய்விடும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவருக்கு அந்த வருடம் அறிவியல் போச்சு. அதனால் கல்வியாண்டு தொடங்கியதுமே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் போய், பதிவு எப்போது என்று கேட்டு வைத்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவர் பயிற்சி நாட்களுக்கு முதலாளியிடம் முன்கூட்டியே விடுப்பு சொல்லிவைப்பது நல்லது.

கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரைத் திரும்ப வரவிடாமல் தடுப்பதே அதுதான். வினாத்தாளில் நாம் எழுத வேண்டியது ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. தேற 35 போதும். எட்டு மதிப்பெண்ணில் ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். இரண்டும் கையால் பழகக்கூடியவை, சூத்திரம் மறந்தவருக்கும் வரும். அவை இரண்டும் சேர்ந்து 16. புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டால் பத்து மதிப்பெண்ணாவது தேறும். ஐந்து இரண்டு மதிப்பெண் வினாக்கள் சரியானால் மொத்தம் 36. ஐந்து மதிப்பெண் வினாக்களில் கிடைப்பதெல்லாம் அதற்கு மேல்.

வடிவியலில் வடிவொத்த முக்கோணத்தையே எடுத்துக்கொள்வோம். PQR என்ற முக்கோணத்துக்கு அளவு காரணி 3/5, அதாவது புது முக்கோணத்தின் பக்கங்கள் பழையதில் 3/5 பங்கு என்றால், QR கோட்டுக்குக் கீழே Q-விலிருந்து குறுங்கோணத்தில் ஒரு கதிர் வரைந்து, அதில் கவராயத்தால் சம இடைவெளியில் ஐந்து புள்ளிகள் குறிக்க வேண்டும். ஐந்தாவது புள்ளியை R-உடன் இணைத்து, மூன்றாவது புள்ளியிலிருந்து அதற்கு இணைகோடு போட்டால் QR-இல் R' கிடைக்கும். R'-இலிருந்து RP-க்கு இணைகோடு போட்டால் முக்கோணம் முடிந்தது. 7/4 வந்தால்தான் குழப்பம். புள்ளிகள் ஏழு, ஆனால் R-உடன் இணைக்க வேண்டியது நான்காவது புள்ளியை. ஏழாவதிலிருந்து வரும் இணைகோடு QR-ஐ நீட்டிய இடத்தில் வெட்டும். ஏழாவதையே R-உடன் இணைத்துவிட்டால் முக்கோணம் பெரிதாவதற்குப் பதில் சிறிதாகிவிடும். பின்னத்தின் கீழ் எண் எதுவோ அந்தப் புள்ளிதான் R-க்குப் போகும் என்று பிடித்துக்கொள்ளுங்கள். உதவிப்படம் போடாமல் விட்டாலோ, வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாமல் விட்டாலோ கையில் இருக்கும் மதிப்பெண்ணை நாமே தூக்கிக் கொடுத்ததாகிவிடும்.

கணக்கு வேண்டவே வேண்டாம் என்பவருக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது, என்.ஐ.ஓ.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். குறைந்தது ஒரு மொழியோடு ஐந்து பாடம், தேற 33 சதவீதம், கணக்கும் அறிவியலும் கட்டாயமில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொரு பாடமாக முடிக்கலாம். ஆனால் பாலிடெக்னிக் போகும் எண்ணம் இருந்தால் கணக்கையும் அறிவியலையும் விடாதீர்கள். விட்டால் அங்கே கதவு அடைபட்டுவிடும்.

கைத்தொழிலில் விருப்பமுள்ளவருக்கு நான் முதலில் சொல்வது ஐ.டி.ஐ.தான். வயர்மேன் போன்ற பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம். இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட்டு, பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலம் இரண்டை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையாக ஏற்கப்படுகிறது. தொழிலும் கைக்கு வரும், சான்றும் வரும். இது தெரியாதவர்கள் இன்னும் நிறைய.

கடைசியாக ஒன்று. பத்தும் பிளஸ் டூவும் இல்லாமலே நேராக டிகிரி என்று யாராவது ஆசை காட்டினால் சேராதீர்கள். பத்து, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசு 2009-லேயே ஆணை போட்டிருக்கிறது. ஒரே மாதத்தில் சான்றிதழ் என்று பணம் வாங்குபவர்களிடம் போகவே கூடாது. வேலையில் சேர்ந்தபின் உண்மைத்தன்மைச் சோதனைக்கு அந்தத் தாள் போகும், போலி என்று வந்தால் வேலையும் போய் வழக்கும் வரும். தனித்தேர்வர் விண்ணப்பத்தை மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் போய்ப் பதிவுசெய்யலாம். டி.சி., ஆதார், புகைப்படம், கட்டணம் நான்கையும் எடுத்துப் போங்கள். தேதியைத் தவறவிட்டால் தக்கலில் ஓரிரு நாள் கிடைக்கும், கூடுதல் கட்டணத்தோடு. ஒப்புகைச் சீட்டில் உள்ள விண்ணப்ப எண்ணைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அது இருந்தால்தான் ஹால் டிக்கெட்டை இறக்க முடியும்.