அழைத்தல் கிடைத்தது, சர்டிபிகேட் கிடைக்கவில்லை

ஒருவழியாகப் புகுமுகப் பயிற்சிக்கு வரச்சொல்லி, நான் சிஸ்டராகச் சேர விண்ணப்பித்த கத்தோலிக்கக் கன்னியர் சபையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தியானம், ஆன்ம வழிகாட்டியோடு பேசியது, 'வந்து பாருங்கள்' முகாம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. என்னை ஓட ஓட விரட்டியது பங்கு அலுவலகம்தான், அதாவது கோவில் அலுவலகம். துறவறத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணமிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முகாமுக்குப் போங்கள்.

ஞானஸ்நான சர்டிபிகேட்தானே, லேமினேட் செய்து பீரோவில் இருக்கிறதே என்று நினைப்போம். அது செல்லாது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள், பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்கு அடுத்து, தைலம் பூசித் தரும் அருட்சாதனம்), திருமணம், குருத்துவம், நித்திய வார்த்தைப்பாடு (துறவிகள் வாழ்நாள் முழுவதற்கும் கொடுக்கும் வாக்கு) என்று பிற்பாடு நடக்கும் எல்லாவற்றையும் நாம் ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவேட்டிலேயே நம் பெயருக்கு எதிரே ஓரத்தில் குறிக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 535. நமக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு அந்த ஓரம் காலியாக இருப்பதுதான் முதல் சாட்சி. பழைய சர்டிபிகேட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

என் விஷயத்தில் அந்த ஓரம் கொஞ்சம் அதிகமாகவே காலியாக இருந்தது. நான் உறுதிபூசுதல் பெற்றது வேறு பங்கில். அவர்கள் ஞானஸ்நானம் நடந்த பங்குக்குத் தகவல் அனுப்பியிருக்க வேண்டும், அதுவும் சட்டம்தான். அனுப்பவில்லை. அலுவலகத்தில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டி, என் வரியில் விரலை வைத்துக்கொண்டு, "குறிப்பு இல்லையேம்மா, உறுதிபூசுதல் இல்லைன்னுதான் எழுதுவேன்" என்றார். ஆயர் என் நெற்றியில் தைலம் பூசும் போட்டோவைப் போனில் காட்டினேன். "போட்டோவெல்லாம் ஆதாரமாம்மா?" என்று மூடிவிட்டார். அந்தப் பங்கில் கேட்டு ஒரு கடிதம் வாங்கி வா என்று சொல்லியிருந்தால் அன்றே கிளம்பியிருப்பேன். அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அங்கே போனால் பதிவேடு அலமாரிக்குள், சாவி பங்குத்தந்தையிடம், பங்குத்தந்தை குருக்களின் வருடாந்திரத் தியானத்தில். மறுபடி போய் வாங்கினேன். வாங்கிய பிறகு அடுத்த சிக்கல்: பதிவேட்டில் என் பெயருக்கு முன்னால் ஒரு புனிதையின் பெயர் இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் இல்லை. இருவரும் ஒரே ஆள்தான் என்று பங்குத்தந்தை தனியாக ஒரு கடிதம் கொடுத்ததும்தான் தீர்ந்தது.

அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் உறுதிபூசுதல் பெற்ற பங்கு. பதிவேட்டின் பக்கம், எண்ணோடு கடிதம் வாங்குங்கள். அதைக் கொடுத்து ஓரத்தில் குறிக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஞானஸ்நான சர்டிபிகேட் கேளுங்கள். போவதற்கு முன் போன் செய்யுங்கள். பதிவேடே தொலைந்துபோயிருந்தாலும் பயப்பட வேண்டாம்: யாருக்கும் பாதகம் இல்லாதபட்சத்தில், நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி சொன்னாலே ஞானஸ்நானத்தை நிரூபிக்கப் போதும் (சட்டம் 876). ஞானத்தாயோ ஞானத்தந்தையோ இருந்தால் இப்போதே விசாரித்து வையுங்கள்.

அடுத்தது, திருமணமாகாதவர் என்பதற்கான கடிதம். எங்கள் பங்குத்தந்தை புதிதாக மாறி வந்தவர். "உன்னை எனக்குத் தெரியாதேம்மா, எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். நியாயம்தான். வெளியே வந்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியக் குழுவின் தலைவியிடம் சொன்னேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய், "ஞாயிறு ரெண்டாம் பூசையில வாசகம் வாசிக்கிறது யாருன்னு நெனச்சீங்க சாமி?" என்று கேட்டார். ஃபாதர் சிரித்துவிட்டு, பழைய ஆட்கள் நாலு பேரிடம் விசாரித்து, அந்த வாரமே கொடுத்துவிட்டார். பங்கில் ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டிருப்பது இப்படியும் உதவும்.

கல்விக்கடன் இருந்தால் அதையும் கவனியுங்கள். கட்ட முடியாத கடனோடு வருபவர்களைச் சேர்க்கக் கூடாது என்று சட்டம் 644 இருக்கிறது. நான் வேலை பார்த்து அடைத்துவிட்டேன். ஆனால் நோ டியூஸ் கடிதத்துக்கு வங்கி இழுத்தடித்தது தனிக் கதை.

இதற்கெல்லாம் முன்பு நடந்த ஒன்றையும் எழுதியே ஆக வேண்டும். வேறொரு சபையின் இறையழைத்தல் ஊக்குநர் (துறவறத்துக்கு ஆள் சேர்ப்பவர்) தொடர்ந்து போன் செய்துகொண்டிருந்தார். நல்லாயன் ஞாயிறுக்குள் முடிவு சொல், வீட்டில் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பார். அழைத்தலுக்காகச் செபிக்க 1964 முதல் உலகமெங்கும் ஒதுக்கியிருக்கும் நாள் அது. எனக்குக் கெடு நாளாகிவிட்டது. ஒரு கட்டத்தில் எதுவுமே வேண்டாம் என்று தோன்றியது. என் ஆன்ம வழிகாட்டி, ஏற்கெனவே எடுத்த முடிவை மனம் வறண்டு கிடக்கும்போது மாற்றாதே என்ற புனித இஞ்ஞாசியாரின் விதியைச் சொல்லி, போனை மட்டும் எடுக்காதே என்றார். வீட்டுக்குத் தெரியாமல் வா என்று சொல்லும் யாரையும் நம்பாதீர்கள், அவர் அங்கி போட்டிருந்தாலும்.

நல்ல மனிதர்களாலும் ஒரு தொல்லை உண்டு. விஷயம் கசிந்த மறு ஞாயிறே கோவில் வாசலில் "சிஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாசம்தான், ஆனால் இனி பின்வாங்கினால் எந்த முகத்தோடு பூசைக்கு வருவது என்று வயிற்றைக் கலக்கியது. பாடகர் குழு அக்கா ஒருவர்தான் பாட்டு நோட்டை மூடிக்கொண்டே, "பிடிக்கலன்னா வந்துடு, உன் இடத்துல ஆள் போட மாட்டேன்" என்றார். அன்றைக்குத்தான் போகலாம் என்று நிஜமாகத் தோன்றியது.

அம்மாவுக்கும் அதே பயம், போனால் திரும்ப முடியாதோ என்று. சட்டத்தையே எடுத்துச் சொன்னேன். 17 வயது நிறையாமல், வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சியான நவதுறவில் சேர்க்கவே முடியாது. நவதுறவு குறைந்தது 12 மாதம்; அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு மூன்றிலிருந்து ஆறு ஆண்டு, நீட்டித்தாலும் மொத்தம் ஒன்பதைத் தாண்டாது. அதன் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. "கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு டைம் தர மாட்டாங்களே" என்றார் அம்மா. சம்மதம் கிடைத்தது.

உளவியல் மதிப்பீட்டுக்குக் கையெழுத்துப் போடுமுன், அறிக்கையை யார் யார் படிப்பார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு; எங்கள் மதர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அப்புறம், கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். என் உறுதிபூசுதல் கடிதம் சபை அலுவலகத்திலேயே எங்கோ காணாமல் போய்விட்டது. நகல் இருந்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் மறுபடி அந்த அலமாரிச் சாவிக்காகப் போய் நின்றிருக்க வேண்டும்.