ஃபார்மல் நைட்டும் எங்க ஊர் பந்தியும்

கப்பல்ல வேலைன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் கேக்குற மொத கேள்வி எத்தன நாடு பாத்தேன்னுதான். நானும் பார்படாஸ், நாசோ, பார்சிலோனான்னு அடுக்குவேன். ஆனா அஞ்சு கான்ட்ராக்ட் முடிச்சு வந்து இப்ப யோசிச்சா மனசுல நிக்கிறது எந்தத் துறைமுகமும் இல்ல, கரையே கண்ணுல படாத நாளுங்கதான். சீ டேன்னு சொல்லுவோம். அதுலயும் அந்த ராத்திரி வர்ற ஃபார்மல் நைட், எல்லாரும் கோட்டு, கவுன்னு உடுத்தி சாப்பிட வர்ற ராத்திரி.

பாசஞ்சருக்கு சீ டேன்னா முழு ஓய்வு, என்ன மாதிரி டைனிங் ரூம் வெயிட்டருக்கு அன்னைக்குத்தான் வேலை பிழியும். துறைமுகத்துல நின்னா பாதிப் பேரு வெளிய போயிடுவாங்க, மதியம் டேபிள் காலியா கிடக்கும். கடல்ல ஓடும்போது ரெண்டாயிரம் பேருக்கு மேல உள்ளயேதான், காலைல ஏழு மணிக்கே நீச்சல் குளம் பக்கம் சேர்ல துண்டப் போட்டு இடம் பிடிச்சிருவாங்க, அப்புறம் பிங்கோ, ட்ரிவியா, டான்ஸ் கிளாஸ், துறைமுகத்துல மூடிக் கெடந்த கேசினோவும் கடைகளும் திறந்திருக்கும், நடுவுல நானே போயி நாப்கின் மடிக்கக் கத்துக்குடுத்துட்டு வருவேன், மூணரைக்கு டீ. அஞ்சு மணி ஆனதும் கப்பலே மாறிடும். காரிடார் பூரா சென்ட் வாசம். மாடிப்படிகிட்ட போட்டோகிராஃபர்ங்க பின்னாடி திரை கட்டி லைட் வச்சு நிப்பாங்க. காலைல ஷார்ட்ஸ் போட்டு ஆம்லெட் கேட்டவரு கோட்டு, போ டை கட்டி வந்து நிக்கும்போது எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாது.

எங்களுக்கு ஆறு மணிக்கு மொத சீட்டிங், எட்டரைக்கு ரெண்டாவது. எனக்கும் என்கூட இருந்த அசிஸ்டன்ட் வெயிட்டருக்கும் ஒவ்வொரு சீட்டிங்லயும் 24 பேர். அவரு இந்தோனேஷியாக்காரர், அவர் மாதிரி தட்டு அடுக்குற ஆள நான் பாத்ததில்ல, மூடி போட்ட பத்து ப்ளேட்ட ஒரே ட்ரேல தோள்ல வச்சு கேலில இருந்து, அதான் கப்பலோட சமையல்கட்டு, எஸ்கலேட்டர்ல ஏறி வருவாரு. ஃபார்மல் நைட்டுக்கு லாப்ஸ்டர் உண்டு. டேபிள்லயே ஸ்பூனும் ஃபோர்க்கும் வச்சு ஓட்டுல இருந்து சதைய அலுங்காம எடுத்துக் குடுக்கணும். மொத தடவ அதப் பண்ணும்போது கை நடுங்குச்சு. எனக்கு குளச்சல் பக்கம், இத நாங்க சிங்கி இறால்னு சொல்லுவோம், வலையில பட்டா நேரா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத்தான் போகும். கடலோரத்துலயே வளந்த நான் அத வாயில வச்சுப் பாத்தது கப்பலுக்கு வந்தப்புறம்தான்.

ஆனா பரிமாறுற வேலைய நான் கப்பல்ல கத்துக்கல. பத்தாவது படிக்கும்போதே கல்யாண வீட்டுல விளம்பப் போவேன். ஆக்குப்புரையில நின்ன பெரியவரு ஒருத்தரு சொல்லித்தந்தாரு, "மக்களே, இலையப் பாத்து விளம்பு, மூஞ்சியப் பாத்து விளம்பாத". பருப்பு, பப்படம், நெய்ன்னு தொடங்கி, சாம்பார், புளிசேரி, ரசம், பாயாசம்னு வரிசை மாறக்கூடாது, இலையோட நுனி இடப்பக்கம் இருக்கணும், ஒருத்தருக்கு ரசம் போகும்போது பக்கத்துல இருக்குறவரு சாம்பாருக்குக் காத்துக் கெடக்கக்கூடாது. டைனிங் ரூம்லயும் இதேதான் சொன்னாங்க. பத்துப் பேரு டேபிள்னா பத்து ப்ளேட்டும் ஒண்ணா இறங்கணும், ஒருத்தர் சாப்பிட்டு முடிக்கலன்னாலும் அடுத்தவர் தட்ட எடுக்கக்கூடாது. ஹெட் வெயிட்டர் இத வெளக்கும்போது எனக்குப் புதுசா எதுவுமே இல்ல, எங்க ஊர் பந்திய இங்கிலீஷ்ல சொல்றாருன்னு தோணுச்சு.

இப்ப நிறைய கம்பெனில ஃபார்மல் நைட்ட தளத்திட்டாங்க. 2000-லயே நார்வீஜியன் க்ரூஸ் லைன் ஃப்ரீஸ்டைல்னு கொண்டுவந்துச்சு, எப்ப வேணா சாப்பிடலாம், கோட்டு கட்டாயமில்லன்னு. லீவுல வந்தவங்கள எதுக்குக் கட்டாயப்படுத்தணும்னு கேக்குறது நியாயம்தான். பெட்டில கோட்டு தூக்கிட்டு வர்றதும் செலவு. ஆனா நான் ஃபார்மல் நைட் இருக்கணும்னு சொல்றவன், அன்னைக்கு எங்க வேலை ரெண்டு மடங்குன்னு தெரிஞ்சே சொல்றேன். அது பணக்காரங்க ஷோ காட்டுற ராத்திரின்னு வெளிய நெனக்கிறாங்க, என் டேபிள்ல நான் பாத்தது அப்படி இல்ல. நெஜமான பணக்காரருக்குக் கோட்டு தெனம் போடுறது. வருஷக்கணக்கா சேத்து ஒரே ஒரு தடவ கப்பல் ஏறுன ஆளுக்குத்தான் அந்த ராத்திரி பெருசு.

2016 ஏப்ரல்ல கரீபியன் சீசன் முடிஞ்சு கப்பல் ஃபோர்ட் லாடர்டேல்ல இருந்து பார்சிலோனாவுக்குக் கிளம்புச்சு. அட்லாண்டிக் நடுவுல இருக்குற அசோர்ஸ் தீவு வர்ற வரைக்கும் வரிசையா சீ டே. கிழக்க போறதால பார்சிலோனா சேர்றதுக்குள்ள ஆறு ராத்திரி மணிய ஒவ்வொரு மணி நேரம் முன்ன தள்ளுவாங்க, ரெண்டு மணி நேரா மூணாயிடும். கடல் வேலைக்கான சட்டப்படி 24 மணி நேரத்துல பத்து மணி நேரமாவது ஓய்வு தரணும், அது கணக்குப்படி கிடைக்கும், ஆனா போன ஒரு மணி நேரத் தூக்கம் உடம்புக்குத் தெரியும். மூணாவது நாளே ஐ-95ல, அதான் க்ரூ நடக்குற பெரிய காரிடார், எதிர்ல வர்றவன் கண்ணெல்லாம் செவந்திருக்கும்.

என் டேபிள்ல வட இங்கிலாந்துல இருந்து ஒரு ஜோடி. அவரு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. மொத ஃபார்மல் நைட்ல கோட்டத் தடவிக்கிட்டே சொன்னாரு, கல்யாணத்துக்கு, மக கல்யாணத்துக்கு, அப்புறம் இன்னைக்குன்னு. ரெண்டாவது ஃபார்மல் நைட் அன்னைக்குக் கடல் மோசமாயிருச்சு. ஆட்டத்தக் குறைக்கிற ஸ்டெபிலைசர் இருந்தாலும் எங்க டைனிங் ரூம் பின் பக்கம், அங்க ஆட்டம் ஜாஸ்தி. மாடிப்படிக் கைப்பிடில வாந்திப் பை சொருகி வச்சாச்சு. தட்டு வழுக்காம இருக்க மேஜைத்துணில தண்ணி தெளிச்சு ஈரமாக்கினோம், பழைய கப்பக்காரங்க வழக்கம் அது. எட்டுப் பேரு டேபிளுக்கு அவரு ஒருத்தர் மட்டும் வந்தாரு, அதே கோட்டு, டை எல்லாம். அவங்க எங்கன்னு கேட்டேன். "படுத்திருக்கா. ஆனா கோட்ட அவளே அயர்ன் பண்ணி வச்சுட்டா, நீ போன்னு சொல்லிட்டா"ன்னாரு.

ஹெட் வெயிட்டர் வந்து சீக்கிரமா முடிச்சு விட்டுரலாமான்னு கேட்டாரு, நான் வேண்டாம்னு சொன்னேன். எட்டுப் பேருக்கு எப்படியோ அப்படியே அந்த ஒருத்தருக்கும் பண்ணோம். பிரெட், ஸ்டார்ட்டர், சூப்பு பாதிக் கிண்ணம்தான் ஏன்னா சிந்திடும், சாலட், லாப்ஸ்டர், நடுவுல துணில விழுந்த ப்ரெட் தூளச் சுரண்டி எடுத்தது வரைக்கும். அவரு அவசரமே படல. முடிச்சுட்டு கை குடுத்தாரு, அந்தக் கை ரொம்ப நேரம் விடல. பச்சை ஆப்பிளும் க்ராக்கரும் துணில மடிச்சுக் குடுத்தேன், கப்பல்ல குமட்டலுக்கு அதுதான் மருந்து.

மறுநாள் கடல் அடங்கிருச்சு. அன்னைக்கு ஃபார்மல் இல்ல, எல்லாரும் சாதாரண சட்டைல வந்தாங்க. அந்தம்மா மட்டும் தரை தொடுற நீலக் கவுன், பக்கத்துல அவரு கோட்டுல. வாசல்ல நின்னு சுத்திப் பாத்துட்டு உள்ள வரலாமான்னு தயங்குனாங்க. நான் ஓடிப்போயி கூட்டிட்டு வந்தேன். என் பார்ட்னர், அந்த இந்தோனேஷியாக்காரர், அதுக்குள்ள அவங்க ரெண்டு பேரு நாப்கினையும் மட்டும் எடுத்து ஃபார்மல் நைட் மடிப்புல மடிச்சு வச்சுட்டாரு, நான் சொல்லவே இல்ல. கேலில போயி லாப்ஸ்டர் மிச்சம் இருக்கான்னு கேட்டேன், ஒரே ஒரு வால் இருந்துச்சு. அத டேபிள்லயே ரெண்டாப் பிரிச்சு ரெண்டு ப்ளேட்டயும் ஒண்ணா வச்சோம்.