கின்ஸா லைனில் ஒரு நாள்: பிள்ளைகளோடு டோக்கியோ

குடும்பத்தோடு டோக்கியோவைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், இடங்களின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஊரில் ஆளைக் களைக்க வைப்பது தூரம் அல்ல, ரயில் மாறுவதுதான். ஷின்ஜுகு போன்ற நிலையத்தில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் தேடி அடுத்த பிளாட்ஃபாரம் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கள் தேர்வு ஆரஞ்சு நிற கின்ஸா லைன். 1927 டிசம்பர் 30 அன்று அசாகுசாவுக்கும் உவெனோவுக்கும் இடையே 2.2 கி.மீ. ஓடத் தொடங்கிய பாதை. ஆசியாவின் முதல் சுரங்க ரயில். இன்று ஷிபுயா (ஜி01) முதல் அசாகுசா (ஜி19) வரை 14.2 கி.மீ., 19 நிலையங்கள். பழைய பாதை என்பதால் சுரங்கமும் சிறியது, பெட்டிகளும் சிறியவை. ஆழம் குறைவு என்பதால் ஏறி இறங்கும் படிகளும் மற்ற லைன்களைவிடக் குறைவு. ஆனால் எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. பிளாட்ஃபாரத்தில் உள்ள நிலைய வரைபடத்தில் லிஃப்ட் எந்த வாசலில் என்று பார்த்துவிட்டு நடங்கள். தப்பான வாசலில் ஏறினால் ஸ்ட்ரோலரைத் தூக்க வேண்டியதுதான்.

போகிற நாள் திங்கட்கிழமையாக இருக்க வேண்டாம். உவெனோவில் அருங்காட்சியகம், மிருகக்காட்சிசாலை இரண்டுக்கும் அன்றுதான் விடுமுறை. திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து, மறுநாள் மூடுவது வழக்கம்.

டிக்கெட் விஷயம். 6 வயதிலிருந்து தொடக்கப்பள்ளி முடியும் வரை பாதிக் கட்டணம். அதற்கும் சின்னப் பிள்ளைகள், பெரியவர் ஒருவருக்கு இரண்டு பேர் வரை இலவசம். சுய்கா என்ற, முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் பயண அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். உள்ளே நுழைந்த பதிவு அட்டையிலேயே இருப்பதால், ஒரே அட்டையை இரண்டு முறை தட்டி இரண்டு பேர் போக முடியாது. பிள்ளைகளுக்கான அட்டையை இயந்திரத்தில் எடுக்க முடியாது. வயதுச் சான்றாக பாஸ்போர்ட்டோடு கவுன்டருக்குப் போக வேண்டும். வெளியேறும்போது கதவு மூடிக்கொண்டால் பெரும்பாலும் பணம் போதவில்லை என்றுதான் பொருள். பதற வேண்டாம், பக்கத்திலேயே கட்டணச் சரிசெய் இயந்திரம் இருக்கும். அட்டையைச் செருகிப் பணம் போட்டால் முடிந்தது. இந்த லைனில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கே 260 யென்தான். மூன்று சவாரிக்காக நாள் பாஸ் வாங்கத் தேவையில்லை.

காலை 8 மணிக்கெல்லாம் அசாகுசாவில் இருங்கள். வரைபடச் செயலி சில நேரம் வேறு கம்பெனியின் அசாகுசா நிலையத்தைக் காட்டும். சுகுபா எக்ஸ்பிரஸின் அசாகுசா நிலையம் இங்கிருந்து நல்ல நடை தூரத்தில் இருக்கிறது. கின்ஸா லைன் 1-ஆம் வாசலில் ஏறினால் ஒரு நிமிஷத்தில் காமினரிமோன் வாயில். அங்கே தொங்கும் சிவப்பு விளக்கின் உயரம் 3.9 மீட்டர், எடை சுமார் 700 கிலோ. உள்ளே 250 மீட்டர் நீளத்துக்கு நகமிசே கடைத்தெரு. கடைகள் ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் திறக்கும், ஆனால் சென்சோஜி கோயில் பிரதான மண்டபம் 6 மணிக்கே (குளிர்காலத்தில் 6.30) திறந்துவிடும். மூடிய ஷட்டர்களில் வரைந்திருக்கும் படங்களை அந்த நேரத்தில்தான் பார்க்க முடியும். பத்து மணிக்கு மேல் இதே தெருவில் ஸ்ட்ரோலர் நகராது.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது ஓமிகுஜி என்ற குறிச்சீட்டு. பெட்டியில் 100 யென் போட்டு, அறுகோண உலோகக் குடுவையைக் குலுக்கிக் கவிழ்த்தால் சிறு துளை வழியாக ஒரு குச்சி எட்டிப் பார்க்கும். அதில் உள்ள எண் சீன எழுத்தில் இருக்கும். அதே வடிவம் எழுதிய இழுப்பறையைத் தேடித் திறந்து மேலே இருக்கும் தாளை எடுத்துக்கொண்டு, குச்சியைக் குடுவையிலேயே திருப்பிப் போட வேண்டும். இழுப்பறை தேடுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள், வடிவம் பார்த்துப் பொருத்துவதில் நம்மைவிட வேகம். இந்தக் கோயிலில் கெட்ட சீட்டு அதிகம் வரும் என்று பேர். வந்தால் அங்குள்ள கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம்.

திரும்பும்போது கடைகள் திறந்திருக்கும். காமினரி ஓகோஷி வாங்குங்கள். நம்மூர்ப் பொரி உருண்டையைச் சதுரமாக வெட்டியது போல இருக்கும், பையில் உடையாது. தின்பண்டத்தைக் கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டுவிட வேண்டும், நடந்துகொண்டே சாப்பிடுவதை இங்கே விரும்புவதில்லை. குப்பைத் தொட்டியும் கிடைக்காது. ஒரு பிளாஸ்டிக் பை கையோடு இருக்கட்டும். வாயிலுக்கு எதிரே உள்ள சுற்றுலாத் தகவல் மையத்தின் 8-ஆம் மாடிக்கு லிஃப்டில் போனால் நகமிசே முழுவதும் நேர்கோடாகத் தெரியும். கட்டணம் இல்லை.

அடுத்தது உவெனோ, மூன்றே நிலையம். மிருகக்காட்சிசாலையும் அருங்காட்சியகமும் ஒரே நாளில் வேண்டாம், இரண்டும் அரைகுறையாகிவிடும். மிருகக்காட்சிசாலை 1882-இல் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. பெரியவருக்கு 600 யென், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வரை இலவசம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் அங்கே போங்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகம்தான் சரி. பெரியவருக்கு 630 யென், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வரை நிரந்தரக் கண்காட்சி இலவசம். வாசலில் நீலத் திமிங்கிலம் அசல் அளவில் நிற்கும். டைனோசர்கள் தரைக்குக் கீழே. ஆனால் ஜப்பான் காட்சிக்கூடத்தின் இரண்டாம் தளத்தைத் தவறவிடாதீர்கள். பாடம்செய்யப்பட்ட ஹாச்சி நாய் அங்கேதான் இருக்கிறது. 1925-இல் இறந்துபோன தன் எஜமானர், பேராசிரியர் உவெனோ ஹிதேசபுரோவுக்காக 1935-இல் தான் இறக்கும் வரை ஷிபுயா நிலையத்தில் காத்திருந்த அதே நாய். பலர் டைனோசரோடு திரும்பிவிடுகிறார்கள்.

மதியச் சாப்பாட்டில் சைவக் குடும்பங்கள் கவனமாக இருக்க வேண்டும். உதோன், சோபா நூடுல்ஸ் சூப்பில் மீன் சாறு இருக்கும், மேலே காய் மட்டும் மிதந்தாலும்கூட. கன்வீனியன்ஸ் ஸ்டோரின் உமெபோஷி (உப்பில் ஊறிய புளிப்புக் காய்) வைத்த சோற்று உருண்டையிலும் சில கம்பெனிகள் மீன் சாறு சேர்ப்பதுண்டு. பின்பக்கத்தைக் கேமரா மொழிபெயர்ப்பில் பாருங்கள். கோகோ இச்சிபன்யா கறி கடைகள் பலவற்றில் மாமிசம் சேராத கறி உண்டு. வெறும் சோறும் பழமும் எங்கும் கிடைக்கும். பூங்கா பெஞ்சில் சாப்பிடுவதானால் காக்கைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

மாலை 4.30-க்குள் ஷிபுயாவுக்கு ரயில் ஏறுங்கள், அலுவலகக் கூட்டம் அதற்குப் பிறகுதான். ஷிபுயா பள்ளத்தாக்கில் இருப்பதால் சுரங்க ரயில் அங்கே வெளியே வந்து, தரைக்கு மேலே உள்ள பிளாட்ஃபாரத்தில் நிற்கும். 2020-இல் அது கிழக்கே நகர்த்தப்பட்டது, பழைய வழிகாட்டிகளை நம்பாமல், ஹாச்சி நாயின் சிலைக்கு வழிகாட்டும் ஹாச்சிகோ என்ற பலகையையே பின்தொடருங்கள். இப்போதுள்ள சிலை 1948-இல் வைத்தது. 1934-இல் வைத்த முதல் சிலையைப் போர்க்காலத்தில் உருக்கிவிட்டார்கள். சிலையில் இடது காது மடிந்திருக்கும், அருங்காட்சியகத்தில் பார்த்ததற்கு இரண்டும் நிமிர்ந்திருக்கும். பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஷிபுயாவின் புகழ்பெற்ற சாலைச் சந்திப்பைக் கடப்பதற்கு முன் மேலிருந்து பாருங்கள். நிலையத்திலிருந்து மார்க் சிட்டி என்ற வணிக வளாகத்துக்குப் போகும் இரண்டாம் தள நடைபாதையின் கண்ணாடி வழியாக முழுச் சந்திப்பும் தெரியும், காசு கிடையாது. எதிர்ச்சுவரில் ஒகமோட்டோ தாரோவின் பெரிய சுவரோவியமும் இருக்கிறது. இரண்டு மூன்று சிக்னல் பார்த்துவிட்டு இறங்கிக் கடக்கலாம். பச்சை விழுந்ததும் நடுவில் நின்று படம் எடுக்காமல், கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போங்கள். திரும்பும் ரயிலுக்கு 7 மணி வரை காத்திருந்து, இரவுச் சாப்பாட்டை ஷிபுயாவிலேயே முடித்துக்கொள்வது நல்லது. கின்ஸா லைன் இங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்கு வரிசையில் முன்னால் நின்றால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்துவிடும்.