அந்தப் படங்களை எப்படிக் கண்டுபிடித்தேன்

கல்யாணங்களில் நாங்கள் எடுத்த படங்களைத் திரையில் போட்டு, இதில் எது யார் எடுத்தது என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா என்று ஸ்டூடியோ நடத்துகிற அண்ணா கேட்டார். முடியும் என்றேன். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். இது நான், இது அங்கிள், இதுவும் அங்கிள், இது மற்றப் பையன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாம் சரி. அங்கிள் எங்களோடு கல்யாணங்களுக்கு வரும் மூத்த புகைப்படக்காரர். அந்த வாரமே அவரிடம் பேசிவிட்டார்கள். இனி ஸ்டூடியோ வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சோனி கேமராவோடு வர வேண்டும், நிக்கான் என்றால் கூப்பிட மாட்டோம் என்று.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அண்ணா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கல்யாணப் படம் எடுக்கிற வேலை செய்கிற யாரிடம் சொன்னாலும் இதில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஸ்டூடியோ ஒரு பிராண்டுக்கு மாறுவது தினம் நடக்கிற விஷயம். எங்கள் ஸ்டூடியோவே முன்பு முழுக்கக் கேனன். 5டி மார்க் 3 வைத்துப் பல வருடம் ஓட்டினார்கள். 2018இல் சோனி ஏ7 3 வந்த பிறகு ஒவ்வொன்றாக விற்று மாறினார்கள். கேனனிலேயே வளர்ந்த அண்ணாவே மாறும்போது மற்றவர்கள் மாறக் கூடாதா?

அங்கிள் மாறவில்லை. அவரிடம் இரண்டு நிக்கான் டி750 கேமரா, ஒரு 85 லென்ஸ், ஒரு 24-70 லென்ஸ். எல்லாம் தன் காசில் வாங்கியது. இந்த ஊரில் கேமராவை விற்றால் என்ன கிடைக்கும், புதிதாக வாங்க ராண்டில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால் அறுபது தாண்டிய மனிதர் மாறாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. அதோடு அவருக்குக் கொஞ்சம் வீம்பும் உண்டு. சோனியை அவர் கடைசி வரை 'டிவிக்காரன்' என்றுதான் சொன்னார். 2006இல் கோனிகா மினோல்டாவின் கேமரா தொழிலைச் சோனி வாங்கித்தான் இந்தப் பக்கமே வந்தது, அது அவருக்கும் தெரியும். நிக்கானின் பல கேமராக்களுக்குள் படத்தைப் பதிக்கிற சென்சாரையே சோனிதான் செய்து கொடுக்கிறது என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "அரிசி யாரு கடைல வாங்கினாலும் சமைக்கிறது யாருன்னு பாரு தம்பி" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அண்ணா சொன்ன காரணம் நிறம். அது பொய்யான காரணம் இல்லை. நலங்கு வைக்கிற இரவை எடுத்துக்கொள்ளுங்கள். டர்பனில் நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருப்பார்கள். மேலே மலிவான எல்இடி, பச்சை கலந்த வெளிச்சம். பெண்ணின் முகத்தில், கழுத்தில், கையில் மஞ்சள். அந்த மஞ்சளை சோனி ஒரு மாதிரி எழுதும், நிக்கான் வேறு மாதிரி எழுதும். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கிற ரா கோப்பில் எடுத்தாலும், எடிட் செய்கிற லைட்ரூம் மென்பொருள் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துத்தான் திறக்கிறது. ஆல்பத்தில் இடது பக்கம் அத்தை மஞ்சள் பூசுவது ஒரு நிறம், வலது பக்கம் பாட்டி பூசுவது வேறு நிறம் என்றால் நன்றாக இருக்காது. இதைச் சரிசெய்ய எங்கள் எடிட்டிங் பையன் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவன் பக்கம் நின்று யோசித்தால் அண்ணா செய்தது நியாயம்.

ஆனால் அன்று திரையில் நான் பார்த்தது அந்தப் பையன் சரிசெய்து முடித்த படங்களை. அதில்தான் சிக்கல். நிறம் பொருந்திவிட்டது. நான் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. எடிட் செய்த பிறகும் இவனுக்கே தெரிகிறது, அப்படியானால் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாதா என்பது அண்ணாவின் வாதம். நான் கண்டுபிடித்தது அந்த வாதத்துக்குக் கடைசிச் சான்றாகப் போயிற்று.

அங்கிளின் படத்தில் முகம் நடுவில் இருக்கும். சரியாக நடு இல்லை, கொஞ்சம் தள்ளி. மிகக் கிட்டே போய் எடுத்திருப்பார். கிட்டே போகிறவர் என்பதால் மணப்பெண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் அதிகம் எடுத்திருப்பார். பெரியம்மாவின் கை, தாலி கட்டும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற தாத்தா. நானும் மற்றப் பையனும் எடுத்தால் முகம் ஓரத்தில் இருக்கும். பின்னால் பூ அலங்காரம் மங்கலாக ஓடும், நிறைய வெற்றிடம் இருக்கும். இப்போது கேட்கிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது.

இதை அண்ணாவிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறேன். "பாத்தியா, ஸ்டைலும் ஒத்துவரல" என்று அதையும் சேர்த்துக்கொண்டிருப்பார். முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது, என்னிடம் கேட்டது ஒரு ஒப்புக்கு. கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில் சொன்னேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது சம்பளக்காரனின் வேலையா? இப்படிச் சொல்லிக்கொண்டால் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கும். அப்புறம் மறுபடி அந்தத் திரை ஞாபகம் வரும்.

ஏனென்றால் இன்னொரு விஷயம் பிறகுதான் தோன்றியது. டி750இல் ஃபோகஸ் புள்ளிகள் 51. எல்லாம் படச் சட்டத்தின் நடுவில் குவிந்து கிடக்கும், ஓரத்தில் ஒன்றும் இல்லை. முகத்தை நடுவில் பிடித்து, ஷட்டர் பொத்தானை அரை அழுத்தம் கொடுத்து ஃபோகஸை நிறுத்தி, பிறகு கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி எடுக்க வேண்டும். 85ஐ முழுதாகத் திறந்து வைத்து எடுக்கும்போது நிறைய நகர்த்தினால் கண் மங்கிவிடும். ஆகவே கொஞ்சம்தான் நகர்த்த முடியும். நான் வைத்திருக்கும் ஏ7 3இல் புள்ளிகள் 693, சட்டத்தில் 93 சதவீதத்தை மூடுகின்றன. கண்ணை அதுவே தேடிப் பிடிக்கிறது, மூலையில் இருந்தாலும் சரி. முகத்தை ஓரத்தில் வைக்கிற என்னுடைய ரசனை எனக்குச் சோனி வந்த பிறகு வந்ததா, முன்பே இருந்ததா? பழைய கேனன் படங்களை எடுத்துப் பார்த்தேன். சந்தேகமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் அண்ணா சொன்னதுதான் சரியோ? படத்தைப் பார்த்தே கேமராவைச் சொல்லிவிட்டேன், காரணம் மட்டும் வேறு. அங்கிளின் கை என்று நான் நினைத்தது 51 புள்ளிகளாக இருக்கலாம். கிட்டே போனதும் அதனால்தானோ என்னவோ. ஆனால் தாத்தா கண்ணாடி துடைப்பதைப் பார்த்தது எந்தப் புள்ளி? இதில் ஒரு முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

பிராண்டுச் சண்டை என்று வெளியில் பேசுகிறவர்கள் கேமராவைப் பற்றிப் பேசுகிறார்கள். தொழிலில் இருக்கிறவன் லென்ஸைப் பற்றித்தான் கவலைப்படுகிறான். கேமரா உடம்பு மாறும், லென்ஸ் தங்கும். லென்ஸை மாட்டுகிற வாய்க்கு மவுண்ட் என்று பெயர். நிக்கான் 1959இல் வைத்த எஃப் மவுண்டை அறுபது வருடம் கட்டிக் காத்தது. கேனன் 1987இல் பழைய எஃப்டி மவுண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. அன்று கேனன்காரர்கள் கொதித்தார்களாம், அதற்கப்புறம் விளையாட்டு மைதானம் எல்லாம் கேனனின் வெள்ளை லென்ஸ் ஆயிற்று. 2020இல் ஏபி செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்களுக்கும் வீடியோக்காரர்களுக்கும் சோனி என்று அறிவித்தபோது அண்ணா அதை எல்லாருக்கும் அனுப்பினார். ஏபிக்காரருக்குக் கேமராவை ஆபீஸ் கொடுக்கிறது அண்ணா என்று சொல்ல வாய் வந்தது. அன்றும் சொல்லவில்லை.

சோனி குறையில்லாதது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐயர் மந்திரம் சொல்லும்போது சத்தம் வராமல் எடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அதே எல்இடி வெளிச்சத்தில் சத்தமில்லாத ஷட்டரைப் போட்டால் படம் முழுக்கக் குறுக்கே கோடு கோடாக விழும். சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் விளக்கு துடித்துவிடுகிறது. ஒரு தாலி கட்டு முழுக்க அப்படிக் கோடு விழுந்து, அங்கிள் 'டக் டக்' என்று எடுத்ததை வைத்துத்தான் ஆல்பத்தை ஒப்பேற்றினோம். அந்தப் படங்களும் அன்று திரையில் வந்தவற்றுள் இருந்தன.

நிறம் என்று சொல்லி அவரை அனுப்பியதில் எனக்கு உறுத்துவது வேறு. அங்கிள் இந்தத் தொழிலுக்கு வந்தது ஒரு லேபிலிருந்து. கிரே தெருவில், இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ தெரு, ஒரு பிரிண்டிங் லேபில் சின்ன வயதில் வேலை பார்த்திருக்கிறார். அப்போது கோடக்கிலிருந்து லேபுகளுக்கு நிறம் சரிபார்க்க ஒரு அட்டை வரும். அதில் இருப்பது வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. அந்தக் கணக்கில் நம் ஆட்களின் கல்யாணப் படத்தைப் போட்டால் முகம் சாம்பலாகவோ செங்கல்லாகவோ வரும். ஃபில்டரை மாற்றி மாற்றிப் போட்டு, சோதனைப் பிரிண்டு எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்துவதுதான் அங்கிளின் வேலை. பெண்ணின் அம்மா வந்து "என் பொண்ணு இப்படியா இருக்கா?" என்று கேட்கக் கூடாது, அதுதான் பரீட்சை என்பார்.

இந்த நாட்டில் கேமராவுக்கும் தோலுக்கும் உள்ள கதை அதைவிட மோசம். நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த அடையாளப் புத்தகம், அதுதான் பாஸ் புத்தகம். அதற்குப் படம் எடுக்க அரசு, எடுத்தவுடன் படத்தைக் கையில் தருகிற போலராய்டு கம்பெனியின் கேமராவைப் பயன்படுத்தியது. அந்த ஐடி-2 கேமராவில் ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கூட்ட ஒரு பொத்தான் இருந்தது. கறுத்த முகத்துக்காகவே வைத்தது என்று சொல்கிறார்கள். 1970இல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் இருவரும் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1977இல்தான் போலராய்டு இங்கிருந்து வெளியேறியது. இதை எனக்குச் சொன்னதும் அங்கிள்தான், ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு. பிறகு நானே தேடிப் படித்தேன். "கேமரா ஒரு மெஷின் மட்டும்தான்" என்று அண்ணா யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் அதைச் சொன்னார். அப்படிப்பட்டவருக்கு நிறம் ஒத்துவரவில்லை என்று சீட்டுக் கொடுத்தார்கள்.

அவரே புகைப்படக்காரர் ரஞ்சித் கல்லியைப் பற்றியும் சொல்வார். டர்பன் பக்கத்து இசிபிங்கோவில் பிறந்தவர், செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பழைய சாமான் விற்பனையில் வாங்கிய ஒரு கோடக்கில் தொடங்கி டிரம் பத்திரிகை வரை போனவர். அந்தப் படங்களைப் பார்த்து என்ன கேமரா என்று யார் கேட்கிறார்கள் என்பார் அங்கிள். இது எல்லாரும் சொல்கிற பேச்சுத்தான். எனக்கு முழுதாக ஒப்புதல் இல்லை. கல்லிக்கு ஆறு வாரத்தில் ஆயிரம் படம் ஒரே நிறத்தில் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வேலை போன பிறகு அங்கிள் ஒரு முறை போன் செய்தார்.

"தம்பி, உன்கிட்டயும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க அங்கிள்."

"கலர்தானே பிரச்சினை?"

"ஆமா அங்கிள். கலர்தான்."

"கலர்னா நான் என்ன பண்றது. அது நிக்கான் பண்றது" என்று சிரித்தார். குரலில் ஒரு இறக்கம் தெரிந்தது, பாரத்தைக் கீழே வைத்தது போல.

அந்த 'ஆமா'வைத்தான் நான் அதிகம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். உங்கள் படத்தை நான் அடையாளம் கண்டது நிறத்தால் இல்லை, நீங்கள் நிற்கிற இடத்தால் என்று சொன்னால் அவருக்குப் பெருமையாக இருந்திருக்கும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம், அப்படியானால் வேண்டாம் என்றது என் கேமராவை இல்லை, என்னைத்தான் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. அந்த வயதில் அதை ஏன் கேட்க வேண்டும்? நிக்கான் மேல் பழி போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

போன தைப்பூசத்தில் அம்கேனி சாலைக் கோவிலில் அவரைத் தூரத்தில் பார்த்தேன். கையில் நிக்கானின் புதுவகை இசட்6, அதில் பழைய 85ஐ அடாப்டர் போட்டு மாட்டியிருந்தார். சோனி போலவே உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்தான், ஆனால் நிக்கான்தான். புள்ளிகள் இப்போது அவருக்கும் ஓரம் வரை இருக்கும். காவடிக் கூட்டத்தில் கிட்டே போக முடியவில்லை. சில நாள் கழித்துத் தெரிந்த குடும்பம் ஒன்று ஃபேஸ்புக்கில் காவடிப் படங்களைப் போட்டு அவர் பெயரைச் சேர்த்திருந்தது. ஒன்றில் காவடி தூக்கியவரின் அம்மா, சட்டத்தின் இடது ஓரத்தில், மீதி எல்லாம் மங்கலான மஞ்சளும் மயிலிறகும். நான் எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்பேனோ அப்படி. ஒரு படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. அவர் மருமகனும் அன்று கூட வந்திருந்தான், அவனிடமும் ஒரு கேமரா இருந்தது. எந்தக் கம்பெனி என்று நான் கவனிக்கவில்லை.